சக்கரம் உருளுமுன் செய்யும் வேலையும் வேலையே

(சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லாரி ஓட்டுநரின் வேலை எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? வண்டி நகர்ந்த நிமிடத்தில் என்பது உரிமையாளரின் கணக்கு. ஆனால் அதற்கு முன்பே ஓட்டுநர் வண்டியைச் சுற்றி வந்திருக்கிறார். டயர்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார். எண்ணெயும் தண்ணீரும் சோதித்திருக்கிறார். பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருந்திருக்கிறார். இந்த நேரம் கூலியிலும் சேர்வதில்லை, ஏட்டிலும் ஏறுவதில்லை. விபத்து நடந்த பின்னர் மட்டுமே அந்த நேரத்தைப் பற்றி எல்லோரும் விசாரிக்கின்றனர். "புறப்படுமுன் வண்டியைப் பார்த்தாயா?" என்று காவல் நிலையத்தில் கேட்கப்படும்போது, தன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று எதுவும் ஓட்டுநரிடம் இருப்பதில்லை.

பயணத்துக்கு முந்தைய வாகனப் பரிசோதனை ஒரு தொழில்நுட்ப விவகாரம் என்றும், அது பணிமனைக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் உரியது என்றும் தொழிற்சங்க ஊழியர்களிடையே ஓர் எண்ணம் உண்டு. அது சரியன்று. வேலைநேரம், கூலி, உயிர்ப் பாதுகாப்பு, குற்றப் பொறுப்பு ஆகிய நான்கும் அந்த அரை மணி நேரத்தில் சந்திக்கின்றன. அந்தப் பரிசோதனைக்குக் கூலி வேண்டும். அது எழுத்தில் பதிவாக வேண்டும். குறை கண்டால் வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

ஓட்டுநர் பார்ப்பது என்ன?

அனுபவமுள்ள ஓட்டுநரின் பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே டிப்-ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் மட்டத்தையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பார்க்கிறார். வண்டி நின்ற தரையில் எண்ணெயோ டீசலோ சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். பிறகு ஒரு பக்கமாகத் தொடங்கி வண்டியை முழுதாகச் சுற்றி வருகிறார்.

மூன்று அச்சு லாரியில் பத்து டயர்கள். பின் அச்சுகளில் டயர்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். உள்பக்க டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதன் சுமையையும் பக்கத்து டயர் தாங்குகிறது. நெடுஞ்சாலையில் சில மணி நேரம் ஓடியதும் சூடேறி வெடிப்பது அதுதான். ஆகவேதான் கம்பியாலோ கட்டையாலோ ஒவ்வொரு டயரையும் தட்டி, ஒலியில் உள்ள வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், தேய்ந்த டயரும் ரீட்ரெட் பட்டை பிரியத் தொடங்கிய டயரும் பழகிய கண்ணுக்குத் தப்புவதில்லை. சக்கரத்தின் நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பட்டை முறிந்திருக்கிறதா, டிரெய்லராக இருந்தால் இழுவை வண்டியோடு அது சரியாகப் பூட்டிக்கொண்டதா, தார்ப்பாயும் கயிறும் இறுக்கமாக இருக்கின்றனவா, பின் விளக்கும் ஒளிபிரதிபலிக்கும் பட்டையும் சேறு படியாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றும் பார்க்கப்படுகிறது.

எல்லாவற்றிலும் முதன்மையானது பிரேக். கனரக லாரியின் பிரேக் அழுத்தக் காற்றால் இயங்குகிறது. எஞ்சின் ஓடும்போது கம்ப்ரெஸர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கிறது. அந்தத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் காற்றுக்கான இடம் குறையும், வால்வுகள் கெடும். எனவே அடியிலுள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் முழுமையாக ஏறிய பின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. இதைச் செய்ய யாரும் பொறியியல் பட்டம் பெற வேண்டியதில்லை. ஆனால் அவசரப்படுத்தப்படாத சில நிமிடங்கள் வேண்டும்.

இந்த அறிவு பெரும்பாலும் எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்பட்டதன்று. வட இந்திய நெடுஞ்சாலைகளில் 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரிடமிருந்து 'கலாசி'க்கும், தெற்கில் ஓட்டுநரிடமிருந்து கிளீனருக்கும் கைமாறி வந்த தொழிலறிவு அது. இன்று கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் தனியாகவே போகும் வண்டிகள் பெருகிவிட்டன. ஒரு கூலியை மிச்சப்படுத்திய உரிமையாளர், அதோடு வண்டியைச் சுற்றிப் பார்க்கும் இரண்டாவது கண்ணையும் இழந்துவிட்டார். அடுத்த தலைமுறை ஓட்டுநர்கள் தொழில் கற்ற இடமும் அதனோடு மூடப்படுகிறது.

சட்டம் சொல்வது

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இப்பிரச்சினையில் தெளிவாகப் பேசியது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்த அச்சட்டம், வேலைநேரம் என்றால் என்ன என்பதையும் விளக்கியது. வண்டி ஓடும் நேரம் மட்டும் வேலைநேரம் அன்று. 'துணை வேலை'க்குச் செலவாகும் நேரமும் வேலைநேரமே. பதிவேடுகளில் கையெழுத்திடுவது, வண்டியைப் பொறுப்பேற்பது, கொண்டுபோய் நிறுத்துவது, வண்டியின் பராமரிப்பு மற்றும் பழுதுபார்ப்பு தொடர்பான வேலை, சரக்கை ஏற்றுவது, இறக்குவது ஆகிய அனைத்தும் துணை வேலை என்ற சொல்லுக்குள் அடங்கின. அதாவது டயரைத் தட்டிப் பார்க்கும் நேரமும், பார்த்ததை ஏட்டில் எழுதும் நேரமும் கூலிக்குரிய நேரம் என்று அறுபதாண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தன் 91ஆவது பிரிவில், ஓட்டுநரின் வேலைநேரத்துக்கு அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையே அளவுகோலாக வைத்தது. வேலைநேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்துப் பதிவு செய்யும்படி உரிமையாளர்களைப் பணிக்கும் அதிகாரத்தையும் மாநில அரசுக்கு வழங்கியது.

இந்தப் பாதுகாப்பு எத்தனை ஓட்டுநர்களைச் சென்றடைந்தது என்பது வேறு கேள்வி. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. இந்தியாவில் லாரி உரிமையாளர்களில் பெரும்பகுதியினர் ஓரிரு வண்டிகள் வைத்திருப்பவர்கள். பெரிய நிறுவனங்களும் தம் வண்டிகளைப் பல பெயர்களில் பிரித்து வைத்துக்கொள்வது இத்தொழிலில் பழகிப்போன தந்திரம். இருந்தும் அந்த ஐந்து என்ற எண் தொழிற்சங்கத்தின் கையில் ஒரு பிடியாக இருந்தது.

அந்தப் பிடியும் தளர்த்தப்பட்டுவிட்டது. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில் நிறைவேற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு 13 சட்டங்களை விழுங்கியது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவற்றில் ஒன்று. 2025 ஜூலை 9 அன்று நாடெங்கும் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்த பிறகும், அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. புதிய தொகுப்பில் ஐந்து என்பது பத்தாகிவிட்டது. ஐந்து முதல் ஒன்பது தொழிலாளர்கள் வரை உள்ள போக்குவரத்து நிறுவனங்களின் ஓட்டுநர்கள் ஒரே நாளில் அந்த வரம்புக்கு வெளியே தள்ளப்பட்டனர்.

இதற்கு நேர்மாறாக, தண்டிக்கும் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பொருந்தும். ஒருவருக்குத் தெரிந்த குறையோ, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையோ உள்ள வண்டியை ஆபத்து விளையும் நிலையில் ஓட்டுவது குற்றம். அக்குறையால் விபத்து ஏற்பட்டு எவருக்கேனும் காயமோ பொருட்சேதமோ நேர்ந்தால் சிறைத்தண்டனை வரை செல்லலாம். ஓட்டுபவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் இப்பிரிவின்கீழ் குற்றவாளிகளே. ஆனால் சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர். ஓட்டச் செய்தவர் அலுவலகத்தில் இருக்கிறார். அவர் ஓட்டச் செய்தார் என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. 'சாதாரணக் கவனம்' என்று சட்டம் கேட்பது இந்தப் பரிசோதனையைத்தான். அதற்கான நேரத்தைத் தருவது யார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

நேரம் எங்கே போகிறது?

முழுமையான பரிசோதனைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் வண்டி எடுக்கும் ஓட்டுநருக்கு அது 150 மணி நேரம். எட்டு மணி வேலைநாள்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 19 நாள். இந்த 19 நாள் உழைப்பு கூலியில்லாமல் பெறப்படுகிறது. அல்லது அந்த உழைப்பே நடைபெறாமல் போகிறது. டிரிப் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநருக்கு மூன்றாவது வழி இல்லை.

டிரிப் முறையின் இயல்பே அதுதான். போய்ச் சேர்ந்தால் பணம், தாமதமானால் பிடித்தம். சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததற்குக் கூலி இல்லை. அந்தத் தாமதத்தைச் சாலையில் ஈடுகட்ட வேண்டும். வழிச்செலவுக்குக் கொடுத்த தொகையில் மிச்சம் பிடிப்பதே வருமானத்தின் ஒரு பகுதி. ஒரு பழுதைக் கண்டு வண்டியை நிறுத்தினால் செலவும் தாமதமும் ஓட்டுநரின் தலையில் விழும். குறையைக் கண்டுபிடிப்பது அவருக்கு நட்டம் தரும் செயலாகிறது. பரிசோதனை சுருங்குவதற்கு ஓட்டுநரின் சோம்பலோ அறியாமையோ காரணம் என்று பாதுகாப்பு வாரக் கூட்டங்களில் அதிகாரிகள் உபதேசிப்பதுண்டு. கூலி முறையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

2022 நவம்பர் 20 அன்று புனே நகரின் நவலே பாலம் அருகே, கட்ராஜ் சுரங்கப் பாதையிலிருந்து இறங்கும் நீண்ட சரிவில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு கனரக வாகனத்தால் ஏறத்தாழ 48 வாகனங்கள் சேதமடைந்தன. பிரேக் பிடிக்கவில்லை என்பதே முதலில் பரவிய செய்தி. பிரேக் பழுதாகவில்லை, டீசலை மிச்சப்படுத்தச் சரிவில் எஞ்சினை அணைத்திருந்தார் என்பதே முதற்கட்ட விசாரணையின் முடிவு எனப் பின்னர் செய்திகள் கூறின. எஞ்சின் நின்றால் கம்ப்ரெஸர் நிற்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தொட்டியிலுள்ள காற்று குறையும், மீண்டும் நிரம்பாது. இதை அறியாத ஓட்டுநர் இருக்கலாம். அறிந்தும் செய்பவர்களும் உண்டு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, குறைந்தால் கூலியில் பிடிக்கும் முறை நாடெங்கும் இருக்கையில், சரிவில் எஞ்சினை அணைக்கும் கையை இயக்குவது அந்தக் கணக்குதான். ஓட்டுநரின் தவறு தவறே. அந்தத் தவறுக்குப் பரிசளிக்கும் முறையை விட்டுவிட்டு ஓட்டுநரை மட்டும் கைது செய்தால் அடுத்த சரிவில் அதுவே மீண்டும் நடக்கும்.

இது புதிய செய்தியன்று. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில், பயணிகள் பலர் உயிரிழந்த ரயில் விபத்து ஒன்றுக்காக லண்டனில் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட மூன்று தொழிலாளர்களைக் காரல் மார்க்ஸ் காட்டுகிறார். கார்டு, எஞ்சின் ஓட்டுநர், சிக்னல் தொழிலாளி ஆகிய அம்மூவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. ஒரு காலத்தில் எட்டு மணியாக இருந்த தங்கள் வேலைநேரம் பதினான்கு, பதினெட்டு, இருபது மணி என்று நீட்டிக்கப்பட்டதை அவர்கள் எடுத்துரைத்தனர். 1867இல் வெளிவந்த அந்நூல் எழுப்பிய கேள்வி, இன்றைய இந்திய நெடுஞ்சாலையில் மீண்டும் எழுகிறது: கவனம் செலுத்தும் ஆற்றலையே உறிஞ்சிவிட்ட பின்னர், கவனக்குறைவுக்கு யார் பொறுப்பு?

எங்கே ஏடு இருக்கிறது, எங்கே இல்லை?

ஏடு வைப்பது இந்தியச் சூழலுக்கு ஒத்துவராது என்பது உரிமையாளர் தரப்பின் வாதம். அதே இந்தியாவில் ரயில்வேயைப் பாருங்கள். சரக்கு ரயிலின் பெட்டிகளைத் தொழில்நுட்ப ஊழியர்கள் பரிசோதித்து, பிரேக் திறன் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கின்றனர். அது லோகோ பைலட்டின் கைக்கு வராமல் வண்டி புறப்படக் கூடாது. லோகோ பைலட் பணிக்கு வந்து கையெழுத்திட்ட நேரத்திலிருந்தே அவருடைய பணிநேரம் தொடங்குகிறது. சக்கரம் உருண்ட நேரத்திலிருந்து அன்று. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் ஓட்டுநர் வண்டியின் குறையை எழுதிக் கொடுக்கும் பதிவேடு உண்டு. ஆள் பற்றாக்குறையும் உதிரிபாகத் தட்டுப்பாடும் அந்தப் பதிவேட்டைப் பல இடங்களில் சடங்காக்கிவிட்டன என்பதும் உண்மை. ஆனாலும் எழுதிய குறை எழுத்தாக நிற்கிறது. சங்கம் அதைக் காட்டி வாதாட முடிகிறது. இந்த ஏடுகளின் பின்னே பொதுத்துறையும் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழிற்சங்கப் போராட்டமும் இருக்கின்றன.

தனியார் துறையிலும் ஏடு ஓரிடத்தில் உண்டு. பெட்ரோலியக் கிடங்குக்குள் நுழையும் டேங்கர் லாரி வாயிலிலேயே பட்டியல் வைத்துச் சோதிக்கப்படுகிறது. தீயணைப்பான், புகைபோக்கியில் தீப்பொறி தடுப்பான், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வண்டி உள்ளே விடப்படுகிறது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியின் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிக் குறிப்பும் சட்டப்படி கட்டாயம். இவை தேவையானவை, வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடங்கு என்ற பெருஞ்சொத்து எரிந்துவிடும் அபாயம் இருக்கும் இடத்தில் பட்டியலுக்கும் பரிசோதகருக்கும் நேரத்துக்கும் குறைவில்லை. சிமென்ட்டும் இரும்பும் வெங்காயமும் ஏற்றிய வண்டியில் ஆபத்துக்குள்ளாவது ஓட்டுநரின் உயிரும் சாலையில் போகும் மக்களின் உயிரும் என்னும்போது பட்டியல் மறைந்துவிடுகிறது. ஏடு வைப்பது முடியாத காரியம் அன்று. யாருக்காக வைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று இருக்கையில் அன்றாட ஏடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளின் நிலையை அது சொல்லும். நேற்று இரவு கசியத் தொடங்கிய காற்றுக் குழாயை அது அறியாது. மேலும் 2018 ஜூலையில் ஒன்றிய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அனுமதிக்கப்பட்டது. சுமை கூடும்போது டயரும் பட்டையும் பிரேக்கும் கூடுதலாகத் தேய்கின்றன. பரிசோதிக்கும் நேரத்தை உயர்த்த வேண்டும் என்று அந்த உத்தரவின்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஓட்டுநரின் அச்சம்

பரிசோதனை ஏடு என்றதும் முதலில் எதிர்ப்பவர்கள் ஓட்டுநர்களாகவே இருப்பதைப் பல தோழர்கள் கண்டிருப்பார்கள். "எங்களை உள்ளே தள்ள இன்னொரு காகிதமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் அனுபவம் இருக்கிறது.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்தப் பெருந்துயரத்துக்கு ஒன்றிய அரசு கண்ட விடை தண்டனையைக் கூட்டுவது. பழைய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு அதை ஐந்தாண்டாக்கியது. விபத்துக்குப் பின் தகவல் தெரிவிக்காமல் சென்றுவிட்டால் பத்தாண்டு வரை என்று அதன் இரண்டாம் உட்பிரிவு கூறியது. 2024 ஜனவரி முதல் நாளிலேயே நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். அந்தப் போராட்டத்தின் விளைவாகவே, 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐந்தாண்டுத் தண்டனை நடைமுறையில் இருக்கிறது.

இச்சூழலில், கேள்வி கேட்கும் உரிமையோ மறுக்கும் உரிமையோ இல்லாமல் ஓட்டுநரின் கையெழுத்தை மட்டும் வாங்கும் ஏடு அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். சில பெருநிறுவனங்கள் இன்று கைபேசிச் செயலியில் டயர்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கின்றன. எல்லாக் கட்டங்களிலும் 'சரி' என்று அழுத்தினால்தான் டிரிப் திறக்கும். 'சரியில்லை' என்று அழுத்தினால் அன்றைய டிரிப் வேறொருவருக்குப் போகும். அந்தப் பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். ஓட்டுநரிடம் நகல் இராது. பரிசோதனை என்ற பெயரில் பொறுப்பு மேலிருந்து கீழே தள்ளப்படுகிறது.

அமெரிக்காவின் அனுபவம் இரு வகையிலும் பாடமாகும். அங்கே ஒன்றிய அரசின் விதிப்படி, நாளின் முடிவில் ஓட்டுநர் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். குறை சரிசெய்யப்பட்டது, அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று நிறுவனம் கையெழுத்திட வேண்டும். அடுத்து வண்டியை எடுப்பவர் அந்த அறிக்கையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அறிக்கை மூன்று மாதம் பாதுகாக்கப்பட வேண்டும். பொறுப்பு மூன்று கையெழுத்துகளில் பகிரப்படுகிறது என்பது நல்ல கூறு. ஆனால் அங்கே ஏராளமான ஓட்டுநர்களுக்கு ஓட்டிய மைல் கணக்கில் கூலி; வண்டி நிற்கும்போது கூலி ஓடாது. கூடுதல் நேரக் கூலிக்கான தொழிலாளர் சட்டத்திலிருந்தும் அவர்களில் பெரும்பாலோர் விலக்கப்பட்டிருக்கிறார்கள். எனவே பார்க்காமலேயே கட்டங்களில் குறியிடும் பழக்கம் அங்கும் உண்டு. கூலி இல்லாத ஏடு பொய் ஏடாகும் என்பதற்கு மிகவும் முன்னேறிய முதலாளித்துவ நாடே சாட்சி.

மறுக்கும் உரிமையில் சர்வதேச அளவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்பாடு, உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளதென நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளரைப் பழிவாங்கலிலிருந்து பாதுகாக்கச் சொல்கிறது. 2022 ஜூனில் அது அடிப்படை உடன்பாடுகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இந்தியாவின் புதிய தொகுப்போ, ஆபத்தை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. தெரிவித்த பின் வண்டியை எடுக்காமல் நிற்கும் உரிமை அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓட்டுநர் தனியாக விடப்படுகிறார்.

சிறு உரிமையாளர் பற்றி

ஓரிரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளரால் இதையெல்லாம் தாங்க முடியுமா என்ற கேள்வியும் நேர்மையானது. அவர்களில் பலர் தாமே வண்டி ஓட்டுபவர்கள். நிதி நிறுவனத்தின் தவணை, டீசல் விலை, சுங்கக் கட்டணம், தரகரின் கமிஷன் ஆகியவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில்தான் டயர் மாற்ற வேண்டும். வாடகையை நிர்ணயிப்பவர்கள் பெரும் சரக்கு நிறுவனங்களும் தரகர்களும். ஆகவே கோரிக்கை சிறு உரிமையாளரை நோக்கி மட்டும் திருப்பப்பட்டால் அது தோற்கும். சரக்கின் சொந்தக்காரரான பெருநிறுவனமும் ஒப்பந்தக்காரரும் வாடகையில் பராமரிப்புக்கும் பரிசோதனை நேரத்துக்கும் தனியே தொகை ஒதுக்க வேண்டும். ஏற்றும் இடத்தில் வண்டியைப் பார்க்க இடமும் வெளிச்சமும் நேரமும் தர வேண்டும். இதில் ஓட்டுநரும் சிறு உரிமையாளரும் ஓரணியில் நிற்க முடியும். பழுதான வண்டியை ஓட்டச் சொல்லி நிர்ப்பந்திக்கும் உரிமையாளர், சிறியவரானாலும் அந்த அணியில் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகளை ஐந்தாகத் தொகுக்கலாம்.

ஒன்று: பரிசோதனை நேரம் துணை வேலையாகக் கணக்கிடப்பட்டு, டிரிப் கூலி முறையிலும் அதற்கெனத் தனித்தொகை வழங்கப்பட வேண்டும்.

இரண்டு: ஏடு இரு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒரு படி உரிமையாளரிடமும் மறு படி ஓட்டுநரிடமும் இருக்க வேண்டும். செயலியாக இருந்தாலும் நகல் ஓட்டுநரின் கைபேசிக்கு வர வேண்டும். ஓட்டுநர் அறிந்த மொழியில் அது அமைய வேண்டும்.

மூன்று: எழுதப்பட்ட குறைக்கு எதிரே, சரிசெய்தவரும் உரிமையாளரும் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். குறை நீங்காமல் வண்டியை அனுப்புபவர் 190ஆவது பிரிவின்கீழ் முதற்பொறுப்பாளியாக்கப்பட வேண்டும்.

நான்கு: பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு ஆகியவற்றில் குறை கண்டால் வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதற்காக வேலைநீக்கமோ கூலிப் பிடித்தமோ கூடாது.

ஐந்து: பத்து பேர் என்ற வரம்பு நீக்கப்பட்டு, ஒரே ஓட்டுநர் உள்ள வண்டிக்கும் வேலைநேரப் பாதுகாப்பு பொருந்த வேண்டும்.

இவை சட்டமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. லாரி நிலையங்களிலும் சரக்கு முனையங்களிலும் பணியாற்றும் தோழர்கள், சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு குறிப்பேட்டை ஓட்டுநர்களிடையே பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். தேதி, நேரம், வண்டி எண், கண்ட குறை, யாரிடம் எப்போது சொல்லப்பட்டது, கிடைத்த பதில் ஆகிய ஆறும் போதும். குறையைச் சொன்ன கையோடு உரிமையாளருக்குக் கைபேசியில் ஒரு செய்தியும் அனுப்பிவிட்டால், நேரம் குறித்த சான்று ஒன்று கையில் இருக்கும். நீதிமன்றத்தில் அதன் மதிப்பு வழக்குக்கு வழக்கு வேறுபடலாம். ஆனால் ஒன்றுமே எழுதாமல் நின்றவரைவிட, எழுதி வைத்தவர் உறுதியாக நிற்பார். குறிப்பேட்டில் பொய் எழுதக் கூடாது என்பதையும் பார்க்காததைப் பார்த்ததாகக் குறிக்கக் கூடாது என்பதையும் அதே வேளையில் வலியுறுத்த வேண்டும். சாலையில் எதிரே வருபவரும் உழைக்கும் மனிதரே. அவருடைய உயிர் குறித்த பொறுப்பை ஓட்டுநர் கைகழுவிவிட வேண்டும் என்று எந்தத் தொழிற்சங்கமும் கேட்காது.

ஐம்பது குறிப்பேடுகள் சேர்ந்தால் அது ஐம்பது பேரின் முறையீடாக இராது. எந்தச் சரக்கு முனையத்தில் எந்த வகைக் குறை திரும்பத் திரும்ப வருகிறது, எந்த ஒப்பந்தக்காரர் பதில் சொல்வதில்லை, எந்த மாதத்தில் டயர் மாற்ற மறுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் ஆவணமாக அது மாறும். தொழிலாளர் துறையிடமும் போக்குவரத்துத் துறையிடமும் போகும் சங்கத்தின் மனுவுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேறில்லை. அந்தக் குறிப்பேடுகளைச் சேகரிப்பதும், படித்துத் தொகுப்பதும், அடுத்த கூட்டத்தில் ஓட்டுநர்கள் முன் வைப்பதும் இந்த வகுப்பிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தோழரின் வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.